லின்ட் எரர்: பிசிறுன்னு சொன்னா என்ன?

எல்லாருக்கும் வணக்கம்,

விக்கிப்பீடியா பக்கத்தோட குறியீட்டுல டேக்க மூடாம விடுறது மாதிரி இருக்குற சின்னச் சின்னக் கோளாறத்தான் லின்ட் எரர்ங்கிறோம். அதுக்குத் தமிழ்ல இதுவரைக்கும் வழு, குறியீட்டுப் பிழை, அப்படியே லின்ட்டுன்னு மூணு சொல் வந்திருக்கு, மூணுமே எனக்கு ஒட்டல. நான் பிசிறுன்னு வைக்கலாம்னு சொல்றேன்.

நேத்து ஒரு கட்டுரையில முதல் அட்டவணை வரைக்கும் நல்லா இருக்கு, அதுக்குக் கீழ எழுத்தெல்லாம் பொடிசாயிடுச்சு, ரெண்டாவது அட்டவணையத் தாண்டினா இன்னும் பொடிசு, கடைசில மேற்கோள்கள் எல்லாம் கண்ண இடுக்கிப் பாத்தாலும் தெரியல. தொகு அழுத்திப் பாத்தா எழுத்தச் சின்னதாக்குற ஸ்மால் டேக்க, அதாவது அந்தக் குறிய, மூடுற இடத்துல சாய்கோடு விட்டுப்போய், மூடுறதுக்குப் பதிலா இன்னொண்ணு திறந்து கிடக்கு, ரெண்டு இடத்துலயும் அதே கதை. சாய்கோடு ரெண்டையும் போட்டேன், பக்கம் சரியாயிடுச்சு.

எழுதினவரக் குத்தம் சொல்ல முடியாது. அவர் எழுதினப்போ சரியாத்தான் தெரிஞ்சிருக்கும், ஏன்னா அப்போ டைடின்னு ஒரு நிரல் பின்னாடி இருந்து இந்த மாதிரி மூடாம விட்டதையெல்லாம் சத்தமில்லாம சரி பண்ணி வச்சிடும். 2018ல விக்கிமீடியா தளங்கள்ல டைடிக்குப் பதிலா ரெமெக்ஸ்னு வேற நிரல் வந்துச்சு, அது இணையப் பக்கங்களுக்கான எச்டிஎம்எல்5 விதிப்படி எழுதினத எழுதினபடியே வாசிக்குது, அதுவரைக்கும் மறைஞ்சிருந்ததெல்லாம் வெளிய வந்துடுச்சு. பேச்சுப் பக்கத்துல ஒருத்தர் கையொப்பத்துல ஃபான்ட் டேக்க மூடாம விட்டா அவரோட கலர் கீழ உள்ளவங்க எழுதினது மேலயெல்லாம் ஏறுதே, அதுவும் இதுதான்.

வழுங்கிறத மென்பொருள் பக்குக்கு (bug) ஏற்கெனவே குடுத்துட்டோம், அது மென்பொருள்ல இருக்குறது, இது நாம எழுதின உரையில இருக்குறது. பிழைன்னாலும் கனம் அதிகம், பழைய சென்டர் டேக் மாதிரி சிலது கண்ணுக்கு எந்தக் கோளாறும் காட்டாது, ஆனா லின்ட் எரர் பட்டியல்ல இருக்கும், அதப் போய் பிழைன்னா புதுசா வர்றவங்க தொடவே பயப்படுவாங்க. லின்ட்டுன்னே எழுதலாம்னா லகரம் தமிழ்ல சொல்லுக்கு முதல்ல வராது, அத விட்டாலும் கேக்குறவங்களுக்கு ஒண்ணும் புரியாது.

1978ல பெல் ஆய்வகத்துல ஸ்டீபன் ஜான்சன் சி மொழி நிரல்கள சோதிக்க ஒரு கருவி எழுதி அதுக்குத்தான் லின்ட்னு பேர் வச்சார், துணியில ஒட்டுற நூல்தூசிய நினைச்சு. நம்ம பேச்சுல அதுக்குப் பக்கத்துலயே பிசிறு இருக்கு. ஓரம் பிசிறு பிசிறா நிக்குதுங்கிறோம், பிசிறில்லாம பாடினாங்கன்னும் சொல்றோம். துணி கிழியல, உடுத்திக்கலாம், ஆனா அந்த ஒரு நூல விட்டா பிரிஞ்சுகிட்டே போகும். மூடாத டேக் பண்றதும் அச்சு அசல் அதேதான்.

பேச்சுவழக்கா இருக்கேன்னு ஒருத்தர் கேட்டார். விக்கியில டெம்ப்ளேட்டுக்குச் சொல்ற வார்ப்புருவும் சாண்ட்பாக்ஸுக்குச் சொல்ற மணல்தொட்டியும் பட்டறையிலயும் விளையாட்டுலயும் இருந்து வந்ததுதானே, இன்னைக்கு யாருக்கு உறுத்துது? தவிர இதுல இருந்து பிசிறுநீக்கம், பிசிறற்ற பக்கம்னு இழுத்தபடி வருது, இதக் கண்டுபிடிச்சுக் காட்டுற கருவிக்குப் பிசிறுகாட்டின்னு வச்சிக்கலாம், அதுக்கு நல்லதா வேற வந்தா சொல்லுங்க.

நான் இன்னைக்கு சரி பண்ற பக்கங்கள்ல தொகுப்புச் சுருக்கத்துல பிசிறுநீக்கம்னே போடுறேன், படிக்கிறவங்களுக்குப் புரியுதான்னு பாப்போம்.