துகள் எண்ணுற கணக்கு உங்களை எங்கே மாட்டிவிட்டது? சொல்லுங்க

வைவா பயம்:
எம்.எஸ்சி. வைவா. எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வந்த தேர்வாளர்) கேட்டது வழக்கமானதுதான்: ரெண்டு துகளை மூணு நிலையில, அதாவது துகள் இருக்கக்கூடிய மூணு கட்டத்துல, எத்தனை விதமா வைக்கலாம்? துகளுக்குத் தனித்தனிப் பேர் வெச்சு எண்ணுற போல்ட்ஸ்மான் முறையில 9, பேரில்லாம எண்ணுற போஸ் முறையில 6, பேரும் இல்லாம ஒரு நிலையில ஒண்ணுக்கு மேல கூடாதுங்குற ஃபெர்மி முறையில 3ன்னு மூச்சுவிடாம ஒப்பிச்சேன். "துகளை அடையாளம் பிரிக்க முடியாதுல்ல, 9-ஐ 2!-ஆல வகும்மா"ன்னார். 2!ன்னா 2×1, ரெண்டு துகளை இடம் மாத்துற விதங்கள். நாலரை வந்தது. சாக்பீஸை வாங்கி அந்த அரையைச் சுத்தி ஒரு வட்டம் போட்டார். "அரை விதம்னா எப்படி இருக்கும்?" மார்க்கெல்லாம் நல்லாத்தான் வந்தது, அந்த வட்டம்தான் இன்னும் மனசைவிட்டுப் போகல.

லேப்வாசி:
அதுல மர்மமே இல்லைங்க. 9-ல் 6, ரெண்டும் வெவ்வேறு நிலையில இருக்குறது. வகுத்தா 3, சரி. மீதி 3-ல ரெண்டும் ஒரே நிலையில. அங்க இடம் மாத்த ஒண்ணுமே இல்ல, அதையும் வகுத்து ஒன்றரை ஆக்கிட்டீங்க. போஸ் அந்த மூணையும் முழுசா எடுத்துப்பார், ஃபெர்மி மூணையும் தள்ளிடுவார். அறைக் காத்துல மூலக்கூறுகளைவிட நிலைகள் பல லட்சம் மடங்கு. ரெண்டு ஒரே நிலையில மாட்டுறது அபூர்வம், அதனால N துகளுக்கு N!-ஆல (1-லிருந்து N வரை பெருக்கினது) வகுத்தாலும் குறை தெரியாது.

என் அனுபவம் நைட்ரஜனோட ராமன் ஸ்பெக்ட்ரம், அதாவது மூலக்கூறு சிதறடிக்கிற ஒளியில தெரியுற கோடுகள். கோடுகள் பெருசு, சிறுசு, பெருசு, சிறுசுன்னு 2:1-ல் நிக்குது! நைட்ரஜன் கரு போசானா, அதாவது போஸ் முறைப்படி எண்ண வேண்டிய துகளா இருந்தாதான் இப்படி வரும். 1929-ல் இத்தாலிய இயற்பியலாளர் ரசெட்டி இதை எடுத்தப்போ, கருவுக்குள்ள 14 புரோட்டான், 7 எலக்ட்ரான்னு நம்பிட்டிருந்தாங்க. மொத்தம் 21, ஒற்றைப்படை, அப்போ கரு ஃபெர்மியானா (ஃபெர்மி முறைப்படி எண்ணுற துகளா) இருந்தாகணும். கோடு ஒத்துக்கல. நியூட்ரான் வந்தது 1932-ல்தான்; அப்புறம்தான் 7 புரோட்டான், 7 நியூட்ரான், மொத்தம் 14, இரட்டைப்படைன்னு கணக்கு ஒத்துப்போச்சு.

ஓய்வு வாத்தியார்:
லேப்வாசி தம்பி, போஸ் "முழுசா எடுத்துக்கிட்டார்"னு சொல்றது சரியில்ல. 1924-ல் டாக்காவிலிருந்து ஐன்ஸ்டீனுக்கு அனுப்பின கட்டுரையில அவர் ஒவ்வொரு ஃபோட்டானும் (ஒளித்துகள்) எங்கேன்னு தேடவே இல்ல. நிலைகளை அறைன்னு வெச்சுக்கிட்டு, எத்தனை அறை காலி, எத்தனையில ஒண்ணு, எத்தனையில ரெண்டுன்னு அறையைத்தான் எண்ணினார்.

ஒருநாள் வகுப்புல ஒரு பையன், "அப்போ போசானுக்குக் கூட்டம் பிடிக்குமா சார்?"னான். அன்னியிலிருந்து எல்லார்கிட்டயும் சொல்றேன், அப்படி எழுதாதீங்க. ஒரே நிலையில இருக்குற வாய்ப்பு போல்ட்ஸ்மான் கணக்குல 9-ல் 3, போஸ் கணக்குல 6-ல் 3. நடுவுல எந்த விசையும் கிடையாது, மொத்தம் சுருங்குது, அவ்வளவுதான். அப்புறம், ஃபார்முலாவை உருப்போடாதீங்க. கட்டம் போட்டு, புள்ளி வெச்சு, விரல்விட்டு எண்ணுங்க. மூணு துகளுக்கு மூணு நிலை போடுங்க: போல்ட்ஸ்மான் 27, போஸ் 10, ஃபெர்மி 1 வரணும். 10 வரலைன்னா இன்னும் துகளுக்கு ஏ, பின்னு பேர் வெச்சுட்டிருக்கீங்க.

வைவா பயம்:
சார், நான் படிச்சு முடிச்சு பேங்க்ல வேலை பார்க்கிறேன் 😀