வானம் கலக்குறதுக்குள்ள பெயிண்ட் காஞ்சிடுது!

கேள்வி:
மதுரை. வயசு 52. ஆறு மாசமா அக்ரிலிக் பழகுறேன். வண்டியூர் தெப்பக்குளம், சாயங்கால வானம், 12க்கு 16 அங்குல கேன்வாஸ். கீழே ஆரஞ்சு, மேலே நீலம், நடுவுல மெதுவா மாறணும். நீலத்தைக் குழைச்சுட்டுத் திரும்பினா ஆரஞ்சு காஞ்சு கோடு விழுந்திருக்கு. மூணு தடவை வெள்ளை பூசி அழிச்சாச்சு. தண்ணி விட்டா திட்டுத்திட்டா ஆகுது. ஃபேனை நிறுத்தினா வீட்டுக்காரர் சண்டைக்கு வர்றார்.

பதில் 1:
அக்கா, அவர் எந்திரிக்கிறதுக்கு முன்னாடி விடியக்காலைல வரைங்க! மூடி போட்ட டப்பாவுல ஈர டிஷ்யூ, மேல பட்டர் பேப்பர், அதுல கலர் வைங்க. மறுநாளும் ஈரமா இருக்கும்.

பதில் 2:
ரிடார்டர், அதாவது பெயிண்ட் காயுறதைத் தாமதப்படுத்துற மருந்து, ஒரு துளி கலக்கலாம். அதிகமானா பிசுபிசுன்னு நிக்கும். ஆனா உங்க சிக்கல் காயுறது மட்டும் இல்லை. ஆரஞ்சும் நீலமும் எதிர் நிறங்கள், கலந்தா சேறுதான். நடுவுல வெளிறின ரோஸ் ஒரு பட்டை போட்டுட்டு ரெண்டு பக்கமும் இழுங்க.

கேட்டவர்:
அட, அந்தச் சேறு எனக்கும் வந்துச்சு! காஞ்சதும் நிறம் ஏன் கருக்குது?

பதில் 2:
பெயிண்ட்ல நிறத்தைப் பிடிச்சு வைக்கிற பசை, பைண்டர், ஈரத்துல பால் மாதிரி வெள்ளை, காஞ்சா கண்ணாடி. அதனால ஒரு சாயல் வெளிறவே கலக்குங்க.

கேட்டவர்:
ரோஸ் பட்டை வேலை செஞ்சது. டப்பாவை மட்டும் ஃபிரிட்ஜ்ல வச்சது தப்பு. சட்னின்னு நெனச்சு வீட்டுக்காரர் திறந்துட்டார்.