லாக் அவுட்: ‘வெளியேறு’ போதுமா, ‘விடைபெறு’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

லாக் இன், லாக் அவுட் என்ற கணினிச் சொற்களுக்குத் தமிழில் என்ன வைக்கலாம் என்று ஓடும் இழையில் வந்த மடல்களை எல்லாம் படித்தேன். லாக் இன்னுக்கு ‘உள்நுழை’யா ‘புகுபதிகை’யா என்பதிலேயே பேச்சு சுற்றிக்கொண்டிருக்கிறது. எனக்கு என்னவோ உள்ளே போவதில் பெரிய சிக்கல் இருப்பதாகத் தெரியவில்லை. வெளியே வருவதில்தான் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன், லாக்கின் வேர்ச்சொல் கிரேக்க ‘லோகோஸ்’ என்று இழையில் வந்த ஒரு கருத்தைத் திருத்த வேண்டும்.

இந்த லாக், கிரேக்க மொழியின் லோகோஸிலிருந்து வந்ததல்ல. தருக்கத்தைக் குறிக்கும் லாஜிக், நாம் பள்ளியில் மடக்கை என்று படித்த லாகரிதம், இவைதான் அந்தக் குடும்பம். லாக் இன்னில் இருப்பது வெறும் மரக்கட்டை.

கதை கடலில் தொடங்குகிறது. பாய்மரக் கப்பலின் வேகத்தை அளக்க, கால் வட்ட வடிவில் வெட்டிய ஒரு மரப்பலகையைக் கயிற்றில் கட்டிக் கப்பலின் பின்பக்கம் எறிவார்கள். வளைந்த விளிம்பில் ஈயம் பதித்திருப்பதால் பலகை நீரில் நிமிர்ந்து நின்று, கிட்டத்தட்ட அதே இடத்தில் மிதக்கும். கப்பல் முன்னே போகப் போகக் கயிறு உருளையிலிருந்து அவிழ்ந்துகொண்டே இருக்கும். கயிற்றில் 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. ஒருவர் 28 விநாடி மணற்கடிகையைக் கவிழ்த்துப் பிடித்திருப்பார், இன்னொருவர் கையைத் தாண்டும் முடிச்சுகளை எண்ணுவார். மணல் தீர்வதற்குள் ஆறு முடிச்சு போயிருந்தால், மணிக்கு ஆறு கடல் மைல் வேகம். கப்பல் வேகத்தை இன்றும் ‘நாட்’ என்று சொல்வது இந்த முடிச்சினால்தான். 1574இலேயே வில்லியம் போர்ன் என்ற ஆங்கிலேயர் இந்த முறையை எழுதிவைத்திருக்கிறார்.

எண்ணிய கணக்கை வேறொரு எழுதுபலகையில் எழுதி, அப்புறம் ஒரு புத்தகத்தில் பெயர்த்தார்கள். லாக் என்ற கட்டையின் பெயர் அந்தப் புத்தகத்துக்கு ஒட்டியது. நாளடைவில் காற்றின் திசை, வானிலை, கப்பலில் நடந்தது என்று எல்லாமே அதில் ஏறின. அங்கிருந்து, நேரவாரியாக எதைக் குறித்துவைத்தாலும் லாக் என்றானது. குறித்துவைக்கும் செயலுக்கும் அதுவே வினை. கட்டை போய் முடிச்சு போய்ப் புத்தகமும் போய், இன்று குறிப்பது என்ற பொருள் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

கணினிக்கு வருவோம். 1961 நவம்பரில், அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு, ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் முறையைச் செய்துகாட்டியது. சி.டி.எஸ்.எஸ். என்பது அதன் பெயர். லாகின், லாக்அவுட் இரண்டும் அதில் கட்டளைகளாகவே இருந்தன. அந்தக் காலத்தில் கணினி நேரம் தங்கம் மாதிரி. ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவருக்கு வாரத்துக்கு நான்கு மணி நேரம்தான் கிடைத்தது. அது போதாமல் 1962இல் எல்லாருடைய கடவுச்சொற்களையும் அச்சிட்டு எடுத்துக்கொண்டதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்த அளவுக்கு நெருக்கடி. லாகின் என்றால் ‘இன்னார் வந்தார், கணக்கு ஓடத் தொடங்கட்டும்’. லாக்அவுட் என்றால் ‘இன்னார் போகிறார், கணக்கை நிறுத்து’. லாக்அவுட் கொடுத்ததும் எவ்வளவு நேரம் பயன்படுத்தினீர்கள் என்று கணினி அச்சிட்டே காட்டும்.

ஆக, இதில் இன், அவுட் என்ற ஒட்டுகள் நகர்வைச் சொல்கின்றன. லாக் என்ற வினையோ, அந்த நகர்வைக் கணினிக்குத் தெரிவித்துவிட்டுச் செய்வதைச் சொல்கிறது. ‘புகுபதிகை’யை ஆக்கியவர்கள் இதை நன்றாகவே புரிந்துகொண்டிருக்கிறார்கள். புகு, பதி இரண்டும் அதில் இருக்கின்றன. தமிழ் விக்கிப்பீடியாவில் ‘விடுபதிகை’யோடு சேர்ந்து பல ஆண்டுகளாக வழங்கும் சொல் அது. இருந்தாலும் புதிதாக வருபவருக்குப் ‘பதிகை’ என்றதும் பெயரைப் பதிவுசெய்வதுதான் நினைவுக்கு வருகிறது. ஏற்கெனவே கணக்கு வைத்திருப்பவர் இரண்டாவது கணக்கைத் தொடங்கிவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆங்கிலமும் இப்போது லாக்கை மெல்ல விட்டுக்கொண்டிருக்கிறது. விண்டோஸ் எக்ஸ்பியில் லாக் ஆன், லாக் ஆஃப் என்று இருந்தது, 2012இல் வந்த விண்டோஸ் 8இல் சைன் இன், சைன் அவுட் ஆனது. அதனால் உள்ளே போவதற்கு ‘உள்நுழை’ போதும் என்பதே என் கருத்து. எல்லாருக்கும் புரிகிறது, பொத்தானிலும் அடங்குகிறது.

‘லாகின் என்றே எழுதிவிட்டுப் போகலாமே’ என்று கேட்ட நண்பருக்கு: நம் எழுத்திலும் பேச்சிலும் பூட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் லாக்தான், இதுவும் லாக்தான். ‘அக்கவுண்ட் லாக் அவுட் ஆயிடுச்சு’ என்று ஒருவர் சொன்னால், அவர் வெளியே வந்தாரா, மூன்று முறை கடவுச்சொல்லைத் தப்பாக அடித்துப் பூட்டிக்கொண்டாரா? ஆலைக் கதவடைப்புக்கும் அதே லாக் அவுட். ஆங்கிலத்தில் எழுத்தும் ஒலியும் வேறாக இருப்பதால் அவர்களுக்குச் சிக்கல் இல்லை. நமக்கு இருக்கிறது.

இனி வெளியே வருவது. எங்கள் ஊர் நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியவர்களுக்குக் கணினி சொல்லித் தருகிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், மின்னஞ்சல் பார்த்து முடித்ததும் மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்திவிட்டு எழுந்துவிடுவார். அடுத்து உட்காரும் பையன் உலாவியைத் திறந்தால் அவருடைய அஞ்சல்பெட்டி அப்படியே திறக்கும். ‘வெளியேறு பொத்தானை அழுத்தணும் டீச்சர்’ என்றேன். ‘நான்தான் வெளியேறிட்டேனே தம்பி’ என்று மூடிய திரையைக் காட்டினார். அவர் சொன்னது சரிதானே? சாளரத்தை மூடுவதும் வெளியேறுவதுதான். செயலியை விட்டு வருவதற்கும் நாம் ‘வெளியேறு’ என்றுதான் எழுதுகிறோம்.

‘இல்ல டீச்சர், நீங்க சொல்லாம எழுந்து போயிட்டீங்க. கணினி நீங்க இன்னும் இருக்கீங்கன்னே நினைச்சிட்டிருக்கு’ என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘ஓ, விடைபெற்றுக்கிட்டுப் போகணுமா?’ என்று கேட்டார். அடுத்த வாரத்திலிருந்து அவர் அதை மறக்கவே இல்லை.

அந்தச் சொல்லைத்தான் முன்வைக்கிறேன்: லாக் அவுட் = விடைபெறு. ஒரு வீட்டிலிருந்து கிளம்பும்போது ‘போய்ட்டு வர்றேன்’ என்று சொல்லி, அவர்கள் தலையாட்டிய பிறகுதானே படியிறங்குகிறோம்? சொல்லாமல் போவது வேறு, சொல்லிக்கொண்டு போவது வேறு. 1961இல் அந்தக் கட்டளை செய்ததும் இதைத்தான். உட்பொருளைச் சுமக்க இன்னொரு பகுதியை ஒட்டவைக்கத் தேவையில்லை, வழக்கில் இருக்கும் ஒரே வினை போதும்.

இதற்கு இரண்டு மறுப்புகள் எனக்கே தோன்றுகின்றன. ஒன்று, ‘உலகிலிருந்து விடைபெற்றார்’ என்று அஞ்சலிக் குறிப்புகளில் எழுதுவது. ஆனால் விழா முடிந்து விருந்தினர் விடைபெறுவதும் அதே சொல்தான், அதனால் இது பெரிய தடையாக இருக்காது. இரண்டாவது உண்மையான சிக்கல். தேர்வுச் செயலிகளில் விடை என்றால் பதில். அங்கே ‘விடைபெறு’ என்ற பொத்தானைப் பார்க்கும் மாணவர், பதில் வரும் என்று நினைத்து அழுத்திவிடுவார். அந்த வகைச் செயலிகளில் மட்டும் ‘கணக்கிலிருந்து வெளியேறு’ என்று நீட்டி எழுதலாம். இதைவிட நல்ல வழி இருந்தால் சொல்லுங்கள்.

பெயர்ச்சொல்லாக வரும் லாக்குக்கு, அதாவது வழங்கி (சர்வர்) தானாகக் குறித்துவைக்கும் கோப்புக்கு, ‘நிகழ்வேடு’ என்று வைத்துக்கொள்ளலாம். ‘பதிவேடு’ ஏற்கெனவே ரெஜிஸ்டருக்குப் போய்விட்டது.

வரும் ஞாயிறு நூலகக் கணினிகளுக்கு மேலே ஒட்டியிருக்கும் தாளில் ‘வெளியேறவும்’ என்பதை அடித்துவிட்டு ‘விடைபெற்றுச் செல்லவும்’ என்று எழுதப்போகிறேன். ஒரு மாதம் பார்த்துவிட்டு, எத்தனை பேருடைய கணக்கு திறந்தே கிடந்தது என்று இதே இழையில் எழுதுகிறேன்.

அன்புடன்.