சூதில் வைக்கப்பட்ட பெண்ணுக்கு எந்தத் தாளம்?

கனகராயன்:

சென்ற சனிக்கிழமை இரவு, கிளிநொச்சியில் ஒரு சனசமூக நிலையத்தின் முன்றலில், 1929இல் வெளிவந்த ‘பிரபஞ்ச பாஷ்’ என்னும் மௌனப் படம் காட்டப்பட்டது. எங்கள் பிள்ளைகள் ஐந்து பேர் கீபோட், பேஸ் கிற்றார், டிரம் பாட், வயலின், உடுக்கு ஆகியவற்றோடு திரைக்குப் பக்கத்தில் அமர்ந்து, தாங்களே ஆக்கிய புதிய இசையை ஒரு மணித்தியாலத்துக்கும் மேலாக இடைவிடாமல் வாசித்தார்கள். அவர்களுடைய உழைப்பை மதிக்கிறேன். ஆனால் அந்த இசை படத்தில் வரும் பெண்ணுக்குச் செய்ததை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

படத்தைப் பாராதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். ரஞ்சித், சோஹத் என்னும் இரு அரசர்களும் சூதில் பித்துப் பிடித்தவர்கள். கண்வர் என்னும் முனிவரின் மகளான சுனிதாவை இருவரும் விரும்ப, அவள் ரஞ்சித்தை விரும்புகிறாள். சோஹத் கள்ளப் பகடையை உருட்டி, ரஞ்சித்தின் நாட்டையும் காதலையும் பறித்து, அவனைத் தன் அடிமையாகவும் ஆக்கிக்கொள்கிறான். பின்னர் அவனுடைய சூழ்ச்சி வெளிப்பட, அவன் மலையுச்சியிலிருந்து குதித்து மாய்கிறான். பாரதத்துச் சூதாட்டக் கதையின் வழியில் வந்த படம் என்பது பார்த்தவுடனேயே விளங்கும்.

அந்தச் சூதாட்டக் காட்சிக்கு நம் பிள்ளைகள் வாசித்தது விரைந்தோடும் ஒரு தாளம். பகடை உருளும் ஒவ்வொரு முறையும் அது ஏறியது. முன்வரிசைப் பெடியங்கள் கை தட்டினார்கள், பின்னால் யாரோ விசில் அடித்தார். அந்தப் பத்து நிமிடமும் எல்லோர் மனத்திலும் இருந்தது யார் வெல்லப்போகிறான் என்ற ஆவல் மட்டும்தான். ஒரு பெண்ணின் வாழ்வு அந்தக் கட்டையோடு சேர்ந்து உருளுகிறது என்ற எண்ணத்துக்கு இசை இடமே கொடுக்கவில்லை. சுனிதா திரைக்கு வந்த போதெல்லாம் ஒரே வயலின் மெட்டு இழைந்தது. அவள் அஞ்சினாலும், சினந்தாலும், ஐயுற்றாலும் அந்த இனிய மெட்டு மாறவில்லை. நான் முப்பது வருடம் கூத்துக்கு மத்தளம் அடித்தவன் என்பதால் சொல்கிறேன்: மேடையில் தாளம் யாருடைய காலைத் தொடர்ந்து போகிறதோ, பார்ப்பவருடைய மனமும் அவரைத்தான் தொடரும். அன்றிரவு தாளம் சூதாடிகளுடைய கைகளைத்தான் தொடர்ந்தது.

இரணைமடுக் கீபோட்:

ஐயா, வணக்கம். அன்று கீபோட் வாசித்தது நான்தான், வயலின் மெட்டை எழுதியதும் நான்தான். அதனால் பொறுப்போடு மறுக்கிறேன்.

சூதாட்டக் காட்சியின் வேகம் நாங்கள் தெரிந்து வைத்தது. சூதாடுபவனுக்கு அந்த நேரத்தில் உலகமே தெரியாது. நாடு, குடி, காதலி எல்லாம் மறைந்து பகடை ஒன்றுதான் தெரியும். அந்தக் குருட்டுத்தனத்தைப் பார்ப்பவரும் தம் உடம்பில் உணர்ந்தால்தான், ரஞ்சித் தோற்று நிற்கும்போது, தாங்களும் அவனோடு சேர்ந்து அவளை மறந்திருந்தோம் என்பது அவர்களுக்கு உறைக்கும் என்று எண்ணினோம். கை தட்டியவர்கள் அடுத்த காட்சியில் அடங்கிப்போனதை நீங்களும் கண்டிருப்பீர்கள்.

இன்னொன்று. இந்தப் படத்துக்குப் புதிய இசை அமைப்பது நாங்கள் தொடங்கிய வழக்கம் அல்ல. பிரித்தானியத் திரைப்பட நிறுவகம் இதன் படச்சுருளைச் செப்பனிட்ட பிறகு, நிதின் சோனி புதிதாக இசை எழுத, 2007 ஆகஸ்டில் லண்டன் திரஃபல்கார் சதுக்கத்தில் சிம்ஃபொனி இசைக்குழுவோடு திறந்தவெளியில் காட்டினார்கள். மௌனப் படங்கள் ஓடிய காலத்திலும் ஓர் ஊரில் ஆர்மோனியமும் தபேலாவும், இன்னோர் ஊரில் பியானோவும் என்று, அந்தந்தக் கொட்டகையில் கிடைத்ததை வைத்தே வாசித்தார்கள். இந்தப் படத்துக்கு இதுதான் உரிய இசை என்று ஒன்றைச் சொல்ல முடியாது.

சுனிதாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவள் வெறும் பணயப் பொருள் அல்லள். சோஹத்தின் வஞ்சகத்தைக் கண்டுபிடிப்பவள் அவளே. அரசனும் படையும் அறியாததை அவள் அறிகிறாள். 1929இல் எடுத்த படத்தில் இதை நான் சிறிய விடயமாக எண்ணவில்லை.

பாண்டியன்குளத்தான்:

யானைகளும் குதிரைகளும் ஆயிரக்கணக்கான ஆட்களும் திரண்டு வரும் அந்த ஊர்வலக் காட்சிகளைப் பற்றி ஒருவரும் ஒரு சொல்லும் எழுதவில்லை. கிட்டத்தட்ட 100 வருடத்துக்கு முந்திய படத்தில் இன்றைய பெண்ணுரிமையைத் தேடுவது முறையா? அக்காலத்து அறிவை அக்காலத்து அளவால் அளக்க வேண்டும்.

வற்றாப்பளையாள்:

பாண்டியன்குளத்தாருக்கு முதலில் பதில் சொல்கிறேன். அக்காலத்து அளவு என்கிறீர்கள். தன்னைத் தோற்ற பின்பு என்னைப் பணயம் வைக்க என் கணவனுக்கு என்ன உரிமை இருந்தது என்று பாஞ்சாலி கேட்ட கேள்வி பாரதத்திலேயே இருக்கிறது. பாரதியார் ‘பாஞ்சாலி சபத’த்தின் முதற் பாகத்தை வெளியிட்டது 1912இல், அதாவது இந்தப் படத்துக்கு 17 வருடங்களுக்கு முன்பு. அதிலும் அவள் சபை நடுவே நின்று வாதாடுகிறாள். ஆகவே, கேட்கும் பெண்ணை அக்காலம் அறிந்திருந்தது. இந்தப் படத்தை எடுத்தவர்கள் சூதாட்டத்தை எடுத்துக்கொண்டு, கேள்வியை விட்டுவிட்டார்கள். அதைச் சொல்ல எனக்கு இன்றைய அளவுகோல் தேவைப்படவில்லை.

கீபோட் பிள்ளை, சுனிதா வஞ்சகத்தைக் கண்டுபிடிக்கிறாள் என்பது உண்மை. ஆனால் அவள் கண்டுபிடிப்பது பகடை கள்ளப் பகடை என்பதை மட்டும்தான். பகடை நல்லதாக இருந்திருந்தால் அவளைத் தோற்றது சரியாகிவிடுமா? படம் அந்த இடத்தைத் தொடவே இல்லை. ரஞ்சித்தைக் குற்றம் இல்லாதவனாக்கி, அவனையே அவளுக்கு மணமுடித்து முடித்துவிடுகிறது. இது இசையால் வந்த குறை அல்ல, கனகராயன் அண்ணை. படத்தின் எலும்பிலேயே இருக்கும் குறை.

ஆனால் நீங்கள் இருவரும் கவனியாத ஒன்று அன்று நடந்தது. படத்தின் இடையிடையே பேச்சைக் காட்டி வரும் ஆங்கில எழுத்து அட்டைகளை ஒருவர் ஒலிவாங்கியில் தமிழில் வாசித்தார். நல்ல குரல்தான். சுனிதா பேசும் அட்டைகளையும் அவரே வாசித்தார். இரண்டு அரசர்களும் அவளும் ஒரே ஆண் குரலில் பேசினார்கள். என் தகப்பனார் கோவலன் கூத்தில் கண்ணகிக்கு ஆடியவர். வளையலும் சேலையும் அணிந்து அவர் பாடும்போது ஊர்ப் பெண்கள் அழுவதைச் சிறுமியாக இருந்து பார்த்தேன். அது அந்தக் கலையின் மரபு. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ‘ராஜா ஹரிச்சந்திரா’ என்னும் மௌனப் படத்தில் 1913இல் சந்திரமதியாக நடித்தவரும் ஓர் ஆண்தான். ஆனால் சுனிதாவாக நடித்தவர் சீதாதேவி என்ற பெண். அவருடைய இயற்பெயர் ரெனீ ஸ்மித். ஆங்கிலோ இந்தியப் பெண். மற்றக் குடும்பங்கள் தங்கள் பெண்களைப் படத்துக்கு விட அஞ்சிய காலத்தில் முகத்தைக் காட்டி நடித்தவர். அவருடைய வாயசைவு திரையில் தெரிகிறது, ஒலிவாங்கியில் ஆணின் குரல் வருகிறது. அன்று என்னை வருத்தியது அதுதான்.

இரணைமடுக் கீபோட்:

அக்கா, இதை நாங்கள் ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை. ஐந்து பேரில் நானும் ஒரு பெண். ஒத்திகை முழுவதும் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே வாசித்தும் எனக்கு அது உறுத்தவில்லை என்பதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஆனால் குறை படத்தின் எலும்பில் இருப்பதால் இசையால் ஒன்றும் ஆகாது என்பது உங்கள் கருத்தானால், அதை ஏற்க மாட்டேன். 1928இல் டிரையர் என்னும் இயக்குநர் எடுத்த ஜோன் ஒஃப் ஆர்க் மௌனப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு பெண்ணை ஆண்கள் சூழ்ந்திருந்து விசாரித்து எரிக்கிறார்கள். முழுப் படமும் அப்பெண்ணாக நடித்த ஃபல்கொனெத்தியின் முகத்தில்தான் நடக்கிறது. ரிச்சர்ட் ஐன்ஹோர்ன் 1994இல் அந்தப் படத்தால் தூண்டப்பட்டு ஓர் இசைப்படைப்பை எழுதினார். அதில் பாடப்படும் சொற்களில் பல, இடைக்கால ஐரோப்பாவின் பெண் துறவிகளும் ஞானியரும் எழுதியவை. படத்தோடு சேர்த்து அதை வாசிக்கும்போது, விசாரணை மண்டபத்தில் தனித்து நிற்கும் அந்தப் பெண்ணுக்குப் பின்னால் வேறு பெண்களின் குரல்கள் நிறைந்துவிடுகின்றன. படத்தில் ஒரு காட்சியைக்கூட மாற்றாமல் இசை செய்த வேலை அது.

கனகராயன்:

பிள்ளை, நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ‘மெட்ரோபோலிஸ்’ என்னும் 1927ஆம் ஆண்டுப் படத்துக்கு ஹூப்பெர்ட்ஸ் அக்காலத்திலேயே முழு இசை எழுதியிருந்தார். எந்த மௌனப் படத்துக்கும் உரிய இசை என்று ஒன்று கிடையாது என்று எண்ணிவிட வேண்டாம். 1984இல் ஜோர்ஜியோ மொரோடர் அதைச் சுருக்கி, நிறம் ஊட்டி, அக்காலத்துப் புகழ்பெற்ற பாடகர்களின் பாட்டுகளைச் சேர்த்து வெளியிட்டார். அந்தப் படத்தில் ஒரே நடிகை, பிரிகிட்டே ஹெல்ம், தூய பெண்ணாகவும் ஆண்களை மயக்கி அழிக்கும் இயந்திரப் பெண்ணாகவும் வருகிறார். பெண்ணை இப்படி இரண்டாகப் பிளந்து காட்டுவதே சிக்கலான விடயம். அதற்கு மேல் ஆட்டத்துக்குரிய தாளமும் வந்து சேரும்போது, வெறித்துப் பார்க்கும் ஆண்களோடு நாமும் சேர்ந்து வெறித்துப் பார்க்கிறோம். கிளிநொச்சியிலும் எனக்கு அதுவே நேர்ந்தது.

உங்கள் விளக்கத்தை மீண்டும் படித்தேன். பார்ப்பவரைக் குருடாக்கிப் பின் உறைக்கச் செய்வது என்கிறீர்கள். உறைக்கச் செய்யும் அந்த இடத்தில் நீங்கள் வாசித்தது என்ன? மறுபடியும் வயலின். அங்கே வாத்தியம் அனைத்தையும் நிறுத்தியிருக்க வேண்டும். ஒரு நிமிடமாவது முழு மௌனம் வேண்டும்.

வற்றாப்பளையாள்:

அண்ணை, அந்த மௌனத்தை நான் விரும்பவில்லை. ஒரு பெண்ணுக்கு அநீதி நேரும் இடத்தில் வாயடைத்து நிற்பது அவளுக்குச் செய்யும் மரியாதை என்று நம்மவர்கள் நெடுங்காலமாக எண்ணி வந்திருக்கிறார்கள். நீதி கேட்டுச் சிலம்பை உடைத்தவளை வருடந்தோறும் வைகாசியில் பொங்கலிட்டு வணங்கும் ஊர் எங்களுடையது. 2017 பெப்ரவரி 20 தொடங்கி கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவிலடியில், காணாமல் ஆக்கப்பட்ட தங்கள் பிள்ளைகளின் படங்களை ஏந்தி இருந்த தாய்மாரை நாம் எல்லோரும் அறிவோம். கேட்டுக்கொண்டே இருக்கும் பெண்களைப் பார்த்துப் பழகிய ஊரில், அந்தக் காட்சிக்கு மௌனத்தைக் கொடுப்பது அவளுடைய வாயை இரண்டாம் முறையும் மூடுவது போல எனக்குப் படுகிறது.

கனகராயன்:

தங்கச்சி, மத்தளக்காரனுக்கு மௌனமும் ஓர் அடிதான். ஆட்டக்காரர் மூச்செடுக்க நான் கையை நிறுத்தும் இடத்தில் சபை முன்னே சாய்ந்து கேட்கும். அந்தப் பொருளில்தான் சொன்னேன். ஆயினும் நீங்கள் சொன்ன தாய்மாரில் சிலர் அன்று பாயில் அமர்ந்து படம் பார்த்தார்கள் என்பது இப்போது நினைவுக்கு வருகிறது. அவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

இரணைமடுக் கீபோட்:

ஐயா, அக்கா, அடுத்த மாதம் முள்ளியவளையில் இதே படத்தை மறுபடியும் வாசிக்கக் கேட்டிருக்கிறார்கள். சூதாட்டத்தின் வேகத்தை நான் குறைக்கப்போவதில்லை. அந்த இடத்தில் ஐயாவோடு எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை. வயலின் மெட்டை எடுத்துவிடுகிறேன். கடைசிப் பகடை விழுந்ததும் உடுக்கு ஒன்றே ஒலிக்க, பாஞ்சாலியின் கேள்வியை ஒரு பெண் குரல் பாடட்டும். பாட்டு முடிந்து அடுத்த எழுத்து அட்டை வரும்வரை, ஐயா கேட்ட மௌனத்தையும் வைத்துப் பார்க்கிறோம்; அது கால் நிமிடத்துக்கு மேல் வராது.

சுனிதாவின் அட்டைகளை அக்கா வாசிக்க முடியுமா? தமிழாக்கத்தை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புகிறேன். சில வரிகளில் அவள் அரசர்களிடம் மிகவும் பணிந்து பேசுவதுபோல் எழுதிவிட்டோம். ஆங்கில அட்டையில் அந்தப் பணிவு இருக்கிறதா என்று நான் இன்றிரவு மீண்டும் பார்க்க வேண்டும்.