தனியாக ஓட்டினால் பாஸ், மொத்தமாக ஓட்டினால் ஃபெயில்: டெம்ப் டேபிள் தொல்லை

கேள்வி:
வணக்கம். போஸ்ட்கிரெஸ் (டேட்டாபேஸ்), எஸ்கியூஎல்ஆல்கெமி (பைதானிலிருந்து டேட்டாபேஸோடு பேசும் லைப்ரரி), பைடெஸ்ட் (டெஸ்ட் ஓட்டும் கருவி) வைத்து வேலை செய்கிறேன். மாத வசூலைக் கூட்டும் ஃபங்ஷன் ஒன்று 'டெம்ப்_வசூல்' என்று டெம்ப் டேபிள் (தற்காலிக டேபிள்) உருவாக்கி, அதை நிரப்பி, நடுவில் கமிட்டும் (மாற்றங்களை உறுதிசெய்வது) செய்கிறது. ஒவ்வொரு டெஸ்ட்டையும் தனியாக ஓட்டினால் பாஸ். எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டினால் இரண்டாவது டெஸ்ட்டிலேயே "அந்த டேபிள் ஏற்கெனவே இருக்கிறது" என்று விழுகிறது. டெம்ப் டேபிள் தானாகவே போய்விடும் என்றல்லவா படித்தேன்?

பதில் 1:
டேபிள் உருவாக்கும் வரியில் 'இஃப் நாட் எக்ஸிஸ்ட்ஸ்' (இல்லாவிட்டால் மட்டும் உருவாக்கு) சேர்த்துவிடுங்கள், முடிந்தது.

பதில் 2:
ஐயோ, அது மட்டும் வேண்டாம். எரர் போய்விடும், ஆனால் போன டெஸ்ட்டின் வரிசைகள் அப்படியே கிடக்கும். கூட்டுத்தொகை இரட்டிப்பாக வரும்போது எங்கே தேடுவீர்கள்? டெம்ப் டேபிளின் ஆயுள் செஷன் (டேட்டாபேஸோடு திறந்திருக்கும் ஒரு இணைப்பு) முடியும் வரை. டெஸ்ட் முடிந்ததும் நீங்கள் 'குளோஸ்' செய்தாலும் கனெக்‌ஷன் பூலுக்குத்தான் (மறுபடி பயன்படுத்தத் திறந்தே வைத்திருக்கும் இணைப்புகளின் தொகுப்பு) திரும்பிப் போகிறது, செஷன் சாகவில்லை. பூல் ரோல்பேக் மட்டும் செய்யும், அதாவது கமிட் ஆகாததை மட்டும் திரும்பப் பெறும். நீங்கள்தான் நடுவில் கமிட் செய்துவிட்டீர்களே.

கேட்டவர்:
புரிந்தது. 'ஆன் கமிட் டிராப்' (கமிட் ஆனதும் டேபிளை அழி) போட்டுப் பார்த்தேன், இப்போது நடு கமிட்டிலேயே டேபிள் காணாமல் போகிறது. சரி என்று ஃபிக்ஸ்சரின் (டெஸ்ட்டுக்கு முன்னும் பின்னும் ஓடும் கோட்) கடைசியில் புதுக் கனெக்‌ஷன் எடுத்து 'டிஸ்கார்ட் டெம்ப்' (டெம்ப் டேபிள்களை அழிக்கும் கட்டளை) ஓட்டினேன். ஒரு மாற்றமும் இல்லை.

பதில் 2:
அது அந்தச் செஷனின் டேபிள்களை மட்டுமே அழிக்கும். பக்கத்து வீட்டுக் குப்பையை உங்கள் வீட்டில் நின்றுகொண்டு கூட்ட முடியாது. டெஸ்ட் பயன்படுத்திய அதே கனெக்‌ஷனில் ஓட்ட வேண்டும். பூலின் 'ரீசெட்' ஈவென்ட்டில் (இணைப்பு பூலுக்குத் திரும்பும்போது ஓடுவது) வையுங்கள்: முதலில் ரோல்பேக், பிறகு டிஸ்கார்ட் டெம்ப், அப்புறம் கமிட். கடைசிக் கமிட்டை விட்டுவிடாதீர்கள். போஸ்ட்கிரெஸில் டேபிளை அழிப்பதும் டிரான்சாக்‌ஷனுக்குள் (ஒன்றாகக் கமிட் அல்லது ரோல்பேக் ஆகும் வேலைத் தொகுதி) அடங்கும். அடுத்து வரும் பூலின் ரோல்பேக் அழித்த டேபிளை உயிரோடு கொண்டுவந்துவிடும்.

பதில் 3:
சோம்பேறி வழி ஒன்று: டெஸ்ட்டில் மட்டும் 'நல்பூல்' (இணைப்புகளைச் சேமித்து வைக்காத பூல்). குளோஸ் செய்தால் கனெக்‌ஷன் நிஜமாகவே மூடும். கொஞ்சம் மெதுவாக ஓடும், அவ்வளவுதான்.

கேட்டவர்:
இரண்டையும் பார்த்துவிட்டேன், இரண்டும் வேலை செய்கின்றன. வேகத்துக்காக ரீசெட் வழியையே வைத்துக்கொண்டேன். கமிட்டை முதலில் மறந்துதான் போனேன், பத்து நிமிடம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். நன்றி அண்ணா.