சனி, ஞாயிறுகளில் தோட்ட வேலைக்குக் கைகொடுக்க ஆசை. எங்கே தொடங்குவது?

நிழல்வலை எழுதியது:

வணக்கம். வாரம் முழுக்கக் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் வேலை எனக்கு. வீட்டில் மண் கிடையாது, சன்னலோரம் இரண்டு தொட்டி வைக்கத்தான் இடம். ஆனாலும் மண்ணில் இறங்கி ஏதாவது செய்ய வேண்டும் என்ற ஆசை விடமாட்டேன் என்கிறது.

அழைப்புகளுக்குக் குறைவில்லை. ஜூன் 5 சுற்றுச்சூழல் நாள் வந்தால் மரம் நடு விழா, டிசம்பர் 5 உலக மண் நாளுக்குப் பயிலரங்கு, நடுவில் விதைப் பரிமாற்றம், அறுவடை நாள், சமூகத் தோட்டத்தில் "ஆர்வமுள்ள எல்லோரும் வரலாம்". இதில் எதற்குப் போனால் யாருக்காவது உபயோகமாக இருக்கும், எது படம் எடுத்துக்கொண்டு திரும்புவதற்கு மட்டும் என்று வெளியில் இருந்து பார்த்தால் தெரியவில்லை.

அனுபவம் சுத்தமாக இல்லை. முதுகும் கொஞ்சம் தகராறு, குனிந்தபடியே வேலை செய்ய முடியாது. போதாததற்கு எட்டு வயது மகள் தானும் வருவேன் என்று அடம்பிடிக்கிறாள். இப்படிப்பட்ட ஆளால் ஏதாவது பயன் உண்டா, இல்லை மற்றவர்களுக்குத் தொந்தரவுதானா? உள்ளதைச் சொல்லுங்கள்.

---

களைக்கொத்து எழுதியது:

நான் ஒரு சமூகத் தோட்டத்தில், வருகிற தன்னார்வலர்களை வேலைக்குப் பிரித்து அனுப்பும் ஆள். அதனால் என் பதிலில் கொஞ்சம் சுயநலம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். விழா அன்றைக்கு வராதீர்கள். அதற்கு அடுத்த வாரம் வாருங்கள்.

மரம் நடு விழாவில் பாதி வேலை முந்தின நாளே முடிந்திருக்கும். குழி வெட்டி, எரு போட்டு, கன்றுகளை வரிசையாக வைத்திருப்பார்கள். வருகிறவர்கள் கன்றை இறக்கி மண்ணைத் தள்ளினால் ஆயிற்று. அதைக் குறை சொல்லவில்லை, நாலு பேர் கூடினால்தான் அந்த இடத்தின் மேல் ஊருக்கு ஒட்டுதல் வரும். ஆனால் கன்று பிழைப்பது அதற்கப்புறம் தண்ணீர் ஊற்றுகிற ஆளால்தான். வேர் தன் சொந்த மண் உருண்டையை விட்டு வெளியே ஓடிப் பிடிக்கும்வரை, குறைந்தது முதல் இரண்டு வெயில் காலங்களாவது யாராவது அதைக் கவனித்தாக வேண்டும். எனவே ஏற்பாடு செய்கிறவர்களிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "அடுத்த மாதம் இதற்குத் தண்ணீர் யார் ஊற்றுவார்கள்?" இன்னார், இன்ன கிழமை என்று பதில் வந்தால் தாராளமாகப் போங்கள். "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்றால் எனக்கு நம்பிக்கை இல்லை.

அப்படியும் விழாவுக்குத்தான் போவேன் என்றால் ஒரு வேலை சொல்கிறேன், யாரும் செய்யாதது. நாற்றங்கால் பைகளை எண்ணுங்கள். நட்ட கன்றுகளும் காலிப் பைகளும் ஒரே எண்ணிக்கையாக இருக்க வேண்டும். காய்ந்துபோன கன்றுகளைப் பிடுங்கிப் பார்த்தால், கறுப்புப் பிளாஸ்டிக் பையோடு அப்படியே குழிக்குள் போயிருப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். வேர் உள்ளேயே சுருண்டு சுருண்டு முடிச்சாகி நிற்கும். நட்டவருக்குத் தெரியாது, தோண்டிப் பார்க்கிறவருக்குத்தான் தெரியும்.

சாதாரண வேலை நாள் என்பது பெரும்பாலும் களைதான். இதற்கு அனுபவம் வேண்டாம், ஆனால் முதல் கால் மணி நேரம் யாராவது பக்கத்தில் இருந்து காட்ட வேண்டும். கேரட் முளைத்து வரும்போது ஏதோ புல் மாதிரிதான் தெரியும். ஆர்வமாக வந்தவர் ஒரு பாத்தி கேரட்டையும் சுத்தமாகப் பிடுங்கிவிட்டுக் களையை அப்படியே விட்டுப் போனதும் உண்டு. கோரையை இழுத்தால் மேலே இருக்கும் தழை மட்டும் கையோடு வரும், கிழங்கு மண்ணுக்குள் தங்கிவிடும், சில நாளில் மறுபடி தலைநீட்டும். மண் ஈரமாக இருக்கும்போது களைக்கொத்தை அடியில் ஆழமாகச் செருகி, கிழங்கோடு தூக்க வேண்டும். பார்த்தீனியம் இருக்கிற இடமானால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். தோலில் அரிப்பு வந்தால் சீக்கிரம் போகாது.

முதுகுக்காகப் பின்வாங்க வேண்டாம். நின்றுகொண்டே செய்கிற வேலை எங்களிடம் எப்போதும் தேங்கித்தான் கிடக்கிறது. குழித்தட்டில் விதை போடுவது, நாற்றுக்குப் பெயர்ச்சீட்டு எழுதுவது, காய்ந்த நெற்றுகளை உடைத்து விதை பிரிப்பது எல்லாமே மேசை வேலைதான். உங்களைப் போல ஒழுங்காக உட்கார்ந்து எழுதிப் பழகினவர்கள் கிடைத்தால் எங்களுக்குக் கொண்டாட்டம். எந்தப் பாத்தியில் என்ன ரகம், என்றைக்கு விதைத்தது என்கிற பதிவேடு பாதித் தோட்டங்களில் கிடையாது, இருந்தாலும் மழையில் நனைந்து மை கலைந்திருக்கும்.

மகளை அழைத்து வாருங்கள். பெரிய விதைகளைக் கொடுத்தால் போதும், அவரை, பீன்ஸ், பூசணி எல்லாம் சின்னக் கைக்குப் பிடிக்கத் தோதானவை. பூவாளியைக் கொடுத்தால் உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். போவதற்கு முன்னால் அங்கே கடைசியாக எப்போது, என்ன பூச்சிமருந்து தெளித்தார்கள் என்று மட்டும் கேட்டுவிடுங்கள். தெளித்த பின் எவ்வளவு நேரம் உள்ளே நுழையக் கூடாது என்று அந்த மருந்துப் புட்டியில் ஒட்டியிருக்கும் சீட்டிலேயே போட்டிருக்கும். இயற்கைத் தோட்டமாக இருந்தாலும் கேட்கலாம், தப்பில்லை. அப்புறம் உங்களுக்கு டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து வருடம் தாண்டியிருந்தால் போட்டுக்கொண்டு வாருங்கள். மண்ணும் முள்ளும் துருக்கம்பியும் இருக்கிற இடம் இது.

---

பரங்கிப்பூ எழுதியது:

களைக்கொத்து சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன், விதைப் பரிமாற்றத்தை மட்டும் அந்த "விழா" கணக்கில் சேர்க்காதீர்கள். அங்கே வெறுங்கையோடு போனாலும் வேலை உண்டு. பொட்டலம் கட்டுவது, சீட்டு ஒட்டுவது, வருகிறவர்களிடம் நாலு கேள்வி கேட்டு எழுதி வாங்குவது. அந்த நாலு கேள்விதான் மொத்த நிகழ்ச்சிக்கும் உயிர்: என்ன ரகம், எந்த மாதம் எந்த வருடம் எடுத்த விதை, வீரிய ஒட்டு ரகத்தின் (இரண்டு ரகங்களைக் கலந்து உண்டாக்கியது) காயில் இருந்து எடுத்ததா, பக்கத்தில் அதே இனத்தில் வேறு ரகம் பூத்திருந்ததா. கடைசிக் கேள்வியைக் கேட்டால் பலரும் முழிப்பார்கள்.

தக்காளியும் பீன்ஸும் பெரும்பாலும் தம் பூவிலேயே சூல்கொள்கிறவை, அவ்வளவு சிக்கல் இல்லை. பூசணிக் குடும்பம் அப்படி இல்லை. தேனீ அடுத்த தோட்டத்து மகரந்தத்தையும் கொண்டுவந்து சேர்க்கும். காய் நன்றாகத்தான் இருக்கும், அதில் இருந்து எடுத்த விதையைப் போட்டால் அடுத்த தலைமுறையில் என்ன வரும் என்று யாரும் சொல்ல முடியாது. அதனால் விதைக்கென்று எடுப்பவர்கள் கையாலேயே மகரந்தம் சேர்ப்பார்கள். அடுத்த நாள் மலரப்போகிற மொட்டின் நுனியில் முந்தின சாயங்காலமே மஞ்சள் தெரிந்துவிடும். ஆண் மொட்டு, பெண் மொட்டு இரண்டையும் நூலால் இறுகாமல் கட்டிவிட வேண்டும். விடிந்ததும் ஆண்பூவைக் காம்போடு கிள்ளி, இதழ்களை உரித்து, நடுத்தண்டில் இருக்கும் மகரந்தத்தைப் பெண்பூவின் சூல்முடியில் ஒற்றிவிட்டுப் பெண்பூவை மறுபடி கட்டிவிட வேண்டும். அந்தக் காம்பில் வண்ணக் கயிறு ஒன்று, யாரும் சமையலுக்குப் பறித்துவிடாமல் இருக்க. பீர்க்கும் சுரையும் சாயங்காலத்தில் மலர்கிறவை, அவற்றுக்கு இதே வேலையைப் பொழுது சாயும்போது செய்ய வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், விடிகாலையில் வந்து இந்த வேலையைச் செய்ய ஆள் கிடைப்பதே இல்லை. குனியவும் வேண்டாம், பந்தலில் ஏறின கொடி என்றால் நின்றுகொண்டேதான்.

முளைப்புத்திறன் பார்க்கிற வேலையை வீட்டிலேயே செய்யலாம். உங்களிடம் சன்னல்தானே இருக்கிறது, அது போதும். ஈரத்துணியில் பத்து விதையைச் சுருட்டி வைத்து, எத்தனை முளைத்தது என்று எழுதிக் கொடுங்கள். ஆறு முளைத்தால் அறுபது சதவீதம் என்று பொட்டலத்தில் எழுதிவிடுவோம். வெங்காய விதை ஓரிரு வருடத்திலேயே சோர்ந்துவிடும், தக்காளி சரியாகக் காய வைத்திருந்தால் நாலைந்து வருடம் தாங்கும். பழைய இருப்பை இப்படிச் சோதித்துத் தர ஒருவர் இருந்தால் பரிமாற்ற நாளில் யாருக்கும் ஏமாற்றம் இருக்காது.

ஒரு எச்சரிக்கை: வெளிநாட்டில் இருந்து உறவினர் சட்டைப்பையில் போட்டுக் கொண்டுவந்த விதையைத் தயவுசெய்து மேசையில் வைக்காதீர்கள். வெளிநாட்டுப் பூச்சியும் நோயும் உள்ளே வராமல் தடுக்கிற தாவரத் தடுப்புக்காப்பு விதிகள் சும்மா வந்தவை இல்லை.

---

வரப்போரம் எழுதியது:

எல்லோரும் சமூகத் தோட்டக் கணக்கிலேயே பேசுகிறீர்கள். நான் விவசாயம் செய்து பிழைக்கிறவன், எங்கள் பக்கத்துக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன்.

"ஒரு நாள் உங்கள் வயலில் வந்து உதவுகிறோம்" என்று இருபது பேர் கிளம்பி வந்தால் அன்றைக்கு எனக்கு வேலை ஓடாது. யார் எங்கே கால் வைக்கிறார்கள் என்று பார்ப்பதிலேயே பொழுது போய்விடும். பனி காயாத காலையில் பீன்ஸ் வரிசைக்குள் நடந்தால், ஒரு செடியில் இருக்கும் நோய் ஈரத்தோடு அடுத்த செடிக்கு ஒட்டிக்கொள்ளும். சிகரெட் பிடித்த கையைக் கழுவாமல் தக்காளி, மிளகாயைத் தொட்டால் புகையிலைத் தேமல் நோய் வரக்கூடும். இதைச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். கத்தரிக்காயைக் காம்போடு கத்தரிக்கோலால் வெட்டாமல் பிடித்து இழுக்கிறவர்களைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. லாபத்துக்கு நடக்கிற பெரிய பண்ணையில் கூலியாள் செய்ய வேண்டிய வேலையை நீங்கள் சும்மா செய்து கொடுத்தால், அது யாருடைய வயிற்றில் அடிப்பது என்று யோசித்துவிட்டுப் போங்கள். அமெரிக்காவில் இப்படித் "தன்னார்வலர்" என்ற பெயரில் ஆள் வைப்பது தொழிலாளர் சட்டத்தோடு மோதும்.

அதற்காக வரவே வேண்டாம் என்று சொல்லவில்லை. அறுவடை முடிந்து வியாபாரி எடுத்துப் போனபின் வயலில் நிறைய மீந்து கிடக்கும். கோணல் காய், அளவு சின்னது, கொஞ்சம் வெடித்தது. நல்ல காய்தான், ஆனால் அதைப் பறிக்கிற கூலிக்குக்கூட விலை கட்டாது. பத்துப் பேர் வந்து அதைப் பொறுக்கி, தரம் பிரித்து, இல்லங்களுக்கோ பொதுச் சமையற்கூடங்களுக்கோ அன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்த்தால் எனக்கும் மனசு ஆறும். வண்டியும் பெட்டியும் நீங்களே கொண்டுவர வேண்டும், முன்கூட்டியே தொலைபேசியில் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

---

நிழல்வலை எழுதியது:

மூன்று பேருக்கும் நன்றி. வரப்போரம் அண்ணா, நீங்கள் சொன்ன கூலியாள் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, நல்லவேளை கேட்டேன். முளைப்புச் சோதனையை இந்த வாரமே ஆரம்பிக்கலாம் போலிருக்கிறது, மகள் இப்போதே துணி தேடுகிறாள்.

ஒரு சின்னக் கேள்வி. பண்ணையிலேயே தங்கி வேலை செய்கிற ஏற்பாடு ஒன்று உண்டாமே, விடுமுறைக்கு அது எப்படி?

---

களைக்கொத்து எழுதியது:

வூஃப் (WWOOF) என்பார்கள். அதன் ஆரம்பமே உங்கள் கதைதான். லண்டனில் அலுவலகச் செயலாளராக இருந்த சூ காப்பர்ட் என்பவர், வார இறுதியில் கிராமப்புறம் போய் இருக்க ஒரு வழி தேடி, 1971-ல் சசெக்ஸில் ஒரு பண்ணையோடு பேசித் தொடங்கியது. இப்போது பல நாடுகளில் இருக்கிறது. நாளுக்குச் சில மணி நேர வேலை, பதிலுக்குத் தங்க இடம், சாப்பாடு. பணம் கைமாறாது. வேறு நாட்டுக்குப் போவதானால் விசாவை முதலில் பாருங்கள். சுற்றுலா விசாவில் இதையும் வேலை என்று எடுத்துக்கொள்ளும் நாடுகள் உண்டு.

எட்டு வயதுப் பிள்ளையோடு முதல் தடவையே அதற்குப் போக வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். குழந்தைகளை ஏற்கும் பண்ணைகள் இருக்கின்றன, ஆனால் வேலை நேரத்தில் அவளை யார் பார்ப்பது என்பதைப் போவதற்கு முன்பே எழுத்தில் பேசி முடிக்க வேண்டியிருக்கும். முதலில் பக்கத்தில் ஒரு தோட்டத்தைப் பிடித்து, மாதத்தில் ஒரே ஒரு காலை என்று சொல்லி, சொன்ன காலையில் போய் நில்லுங்கள். வாராவாரம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு மூன்றாவது வாரம் காணாமல் போகிறவர்களை வைத்து எங்களால் எதையும் திட்டமிட முடிவதில்லை.

போகும்போது தொப்பி, முழுக்கைச் சட்டை, மூடின செருப்பு, தண்ணீர். களைக்கொத்து அங்கேயே இருக்கும். கையுறை மட்டும் சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள், தோட்டத்தில் கிடப்பவை எல்லாம் இடது கைக்குத்தான்.