அரசுச் செலவிலான கட்டுமானப் பொருள்களில் மறுசுழற்சி பிளாஸ்டிக்கைக் கட்டாயமாக்கும் நிபந்தனையை எப்படி எழுதுவது?

கேள்வி: விவரக்குறிப்பு எழுதுபவர்

அனைவருக்கும் வணக்கம். பொதுப்பணத்தில் நடக்கும் கட்டுமானங்களுக்கான டெண்டர் விவரக்குறிப்பைத் தயாரிக்கும் குழுவில் இருக்கிறேன். வடிகால் குழாய், பூங்கா இருக்கை, தார்ச்சாலை என எதுவானாலும் அதில் இத்தனை விழுக்காடு மறுசுழற்சி பிளாஸ்டிக் இருக்க வேண்டும் என்று பொதுவாக ஒரே வரி எழுதிவிடலாம் என்பது குழுவில் பெரும்பாலோரின் கருத்து. நோக்கத்தை நானும் முழு மனதோடு ஏற்கிறேன். வாங்குவதற்கு நிலையான ஒருவர் இருக்கிறார் என்ற உறுதி கிடைக்காதவரை, கழிவைத் தரம் பிரித்து, கழுவி, உருக்கும் தொழிலில் யாரும் துணிந்து பணம் போட மாட்டார்கள். ஆனால் பல பத்தாண்டுகள் மண்ணுக்குள் சுமை தாங்க வேண்டிய குழாயையும் உட்காரும் பலகையையும் ஒரே வரியில் கட்டிப்போடுவது சரியா என்ற தயக்கம் தீரவில்லை. ஒப்பந்ததாரர் காட்டும் விழுக்காட்டை எதை வைத்து நம்புவது என்பது அடுத்த கவலை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1: சாலைப் பொறியாளர்

ஐயா, ஒரே வரி நிற்காது என்பதற்குச் சாலையே போதுமான சான்று. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் உருவாக்கிய முறையில், சூடாக்கிய ஜல்லியின் மேல் துண்டாக்கிய பிளாஸ்டிக்கைத் தூவுவார்கள். அது இளகி ஒவ்வொரு கல்லின் மேலும் பளபளப்பான மெல்லிய படலமாகப் படிந்த பிறகே தார் சேரும். அந்தப் படலம் ஈரத்தைத் தடுப்பதால் தார் கல்லை விட்டு எளிதில் பிரிவதில்லை. இந்தியச் சாலைப் பேராயம் 2013இல் இதற்கென வழிகாட்டு நூலே வெளியிட்டது.

இப்போது கணக்கைப் பாருங்கள். இம்முறையில் பிளாஸ்டிக்கின் அளவு தாரின் எடையில் 6 முதல் 8 விழுக்காடு. தாரோ மொத்தக் கலவையில் ஏறத்தாழ 5 விழுக்காடுதான். ஆகவே முழுக் கலவையின் எடையோடு ஒப்பிட்டால் பிளாஸ்டிக் அரை விழுக்காட்டைக்கூட எட்டாது. எதன் எடையில் இத்தனை விழுக்காடு என்று சொல்லாமல் விட்டால், நல்ல சாலையும் உங்கள் நிபந்தனையில் தோற்றுப்போகும். பிவிசி கலக்கக் கூடாது என்ற தடையையும் தனியே எழுதுங்கள். சூட்டில் அது ஹைட்ரஜன் குளோரைடு என்ற அமில வாயுவை வெளியிடும், கலவை ஆலையில் நிற்கும் தொழிலாளர்தான் அதைச் சுவாசிக்க நேரும்.

பதில் 2: குழாய்த் தரச் சோதனை

குழாயைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அழுத்தமில்லாத நெளிவு வடிகால் குழாயில் மறுசுழற்சி எச்டிபிஇயை (அடர்த்தி மிக்க பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்) தாராளமாகக் கேட்கலாம்; அமெரிக்க நெடுஞ்சாலைத் துறைகள் பின்பற்றும் ஆஷ்டோ எம் 294 தரநிலையே இப்போது அதற்கு இடம் தருகிறது. குடிநீர் செல்லும் அழுத்தக் குழாயைக் கட்டாயப் பட்டியலில் சேர்க்கவே சேர்க்காதீர்கள்.

மறுசுழற்சிக் குழாயின் பகை, வலுக்குறைவைவிட, மெதுவாக வளரும் விரிசல்தான். கழுவியும் போகாத ஒரு மணல் துகளோ, உருகாத லேபிள் துணுக்கோ குழாயின் சுவருக்குள் சிக்கிவிட்டால், நீடித்த சுமையில் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். உடைந்த முகப்பை உருப்பெருக்கியின் கீழ் வைத்தால், நடுவில் அந்தத் துணுக்கும் அதைச் சுற்றி விசிறிபோல் விரிந்த கோடுகளும் தெரியும். இழுவிசைச் சோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடுவதால் இந்தக் குறையைக் காட்டிக்கொடுக்காது. ஆகவே விழுக்காட்டோடு சேர்த்து மெதுவிரிசல் சோதனையையும், பிளாஸ்டிக் காற்றுப் பட்டு சிதையாமல் காக்கும் ஆக்சிஜனேற்றத் தடுப்பான் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்ற சோதனையையும் கட்டாயமாக்குங்கள். இவற்றில் தேறும் குழாயைப் பழைய பிளாஸ்டிக் என்பதற்காக மட்டும் ஒதுக்குவது நியாயமே இல்லை.

பதில் 3: கழிவு மேலாண்மை

உங்கள் இரண்டாவது கவலைக்கு வருகிறேன், ஏனென்றால் இத்தகைய நிபந்தனைகள் நீர்த்துப்போவது பெரும்பாலும் இங்கேதான். முடிந்த குழாயை எந்த ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினாலும் அதில் மறுசுழற்சிப் பங்கு எவ்வளவு என்று நம்பகமாக அளந்து சொல்ல முடியாது. கறுப்பு நிறம் ஏற்றிவிட்டால் கண்ணுக்கும் எதுவும் தெரியாது. எனவே சரிபார்ப்பு ஆலையின் கணக்கில்தான் நடக்க வேண்டும்: உள்ளே வந்த கழிவின் எடைச்சீட்டு, கழுவியதில் போன கழிமானம், புதிய மூலப்பொருளின் கொள்முதல், வெளியேறிய பொருளின் எடை ஆகிய எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியாக வேண்டும். இதை மூன்றாம் தரப்பு தணிக்கை செய்ய உரிமை உண்டு என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

அதற்கும் முன்பாக, எதை மறுசுழற்சி என்று ஏற்பீர்கள் என வரையறுங்கள். பொருள்களின் சுற்றுச்சூழல் உரிமைகோரல்களுக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐஎஸ்ஓ 14021இன்படி, ஒரு ஆலையில் வெட்டி மிஞ்சியதை அதே ஆலையில் அதே உற்பத்தியில் திரும்பப் போட்டால் அது கணக்கில் சேராது. பயன்படுத்தியவர் கைவிட்டதையும் தொழிற்சாலைக் கழிவையும்கூட அது தனித்தனியே பிரிக்கிறது. தொழிற்சாலைக் கழிவு சுத்தமானது, அதை வாங்க ஏற்கெனவே ஆள் இருக்கிறது. நிபந்தனை வராவிட்டாலும் அது குப்பைமேட்டுக்குப் போகாது. குறைந்தபட்சப் பங்கைப் பயன்பாட்டுக்குப் பிந்தைய கழிவுக்கென்று விதித்தால்தான் தெருவிலும் ஆற்றிலும் கிடப்பது ஆலைக்கு வரும். விழுக்காடு சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை, இந்த ஒரு சொற்றொடரை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

விவரக்குறிப்பு எழுதுபவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பொருள்வாரியாகப் பிரித்து எழுதும் வரைவைக் குழுவில் வைக்கிறேன். பழைய பிவிசி ஜன்னல் சட்டங்களை மீண்டும் சட்டங்களாகவே மாற்றித் தருவதாக ஒருவர் முன்வந்திருக்கிறார். அதை ஏற்கலாமா?

பதில் 4: குழாய்த் தரச் சோதனை

பழைய பிவிசியில் ஈய நிலைப்படுத்தி, அதாவது சூட்டில் சிதையாமலிருக்கச் சேர்த்த நச்சு ஈயச் சேர்மம், இருக்க வாய்ப்பு அதிகம். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் பிவிசியில் ஈயத்தைக் கட்டுப்படுத்தியபோது, மீட்டெடுத்த கடின பிவிசிக்கு மட்டும், அதுவும் குறிப்பிட்ட சில பொருள்களுக்கு, எடையில் 1.5 விழுக்காடு வரை காலவரம்போடு விலக்கு தந்தது. ஜன்னல் சட்டத்தின் உள்ளடுக்கில் பழையதும் வெளியடுக்கில் புதியதும் இருக்கும்படி வார்த்தால் கை படும் இடத்தில் ஈயம் இராது. ஈய அளவுச் சான்றிதழை ஒவ்வொரு தொகுதிக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். தர மறுத்தால் ஏற்க வேண்டாம்.